பழுதுரைக்கும் பொறி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



“கணிப்பொறி பழுதாகிவிட்டது” என்று மட்டும் உரைத்தால், எத்துணை வல்லவராயினும் அதனைச் செப்பனிட இயலாது. பழுது எப்பொழுது நேர்ந்தது? அதற்குமுன் யாது செய்தீர்கள்? இவ்வாறு வினவினால் நம்மில் பலர் விழிப்போம். நினைவு தவறும்; அச்சம் சிலவற்றை மறைக்கும். ஆதலின், பழுதுறும் பொறியே தன் நிலையைத் தானே குறித்துத் தெரிவித்தல் நன்று. இதற்குச் சிறந்த சான்று, நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே உண்டு.

1963 நவம்பர் 21 அன்று தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் விண்ணை நோக்கிச் சென்றது. அன்று இட்ட வித்து, இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையமெனும் பெருமரமாய் நிற்கிறது. அம்மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது; ஆயின், வங்கக் கடலில் வீழ்ந்தது. கடலில் மறைந்ததை வினவுவது எங்ஙனம்?

வினவ வேண்டியதில்லை. பறக்கும்போதே ராக்கெட் தன் அழுத்தம், வெப்பம், சாய்வு முதலியவற்றை வானொலி அலைகள் வழியே நொடிதோறும் தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இதனை டெலிமெட்ரி என்பர். அக்குறிப்புகளை ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. இரண்டாம் அடுக்கு பிரிந்த வேளையில் ராக்கெட்டின் நிலை பெரிதும் பிறழ்ந்தது. அதனை நேர்ப்படுத்த வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளையின் அளவு வரையறுத்த எல்லையைக் கடந்தால் மட்டுமே தலைகாட்டும் பிழை அது! குறைகள் களையப்பட்டன. 1994 அக்டோபர் 15 அன்று அடுத்த பி.எஸ்.எல்.வி. தன் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து தருக என்று வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவன்றோ?

நம் இல்லத்துக் கணிப்பொறியும் இவ்வழியே செல்கிறது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு மென்பொருள் இடையில் நின்றுவிட்டால் அதன் விவரங்களைத் திரட்டி, “அனுப்பலாமா?” என்று வினவியது. டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள ‘ரிப்போர்ட்பக்’, மென்பொருளின் பதிப்பெண்ணையும் அது சார்ந்துள்ள பிறவற்றின் பதிப்பெண்களையும் தானே எழுதி நம்முன் வைக்கும். நாம் படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்பலாம்.

நிற்க. ராக்கெட்டுக்கு மறைபொருள் இல்லை, மனிதருக்கு உண்டு. கணிப்பொறியின் நினைவகத்தை அப்படியே படியெடுத்து அனுப்பினால், பழுதின் தடயத்தோடு நம் கடவுச்சொல்லும், மகளுக்கு எழுதிய மடலும் உடன் செல்லக்கூடும். மருத்துவரிடம் நாடியைக் காட்டலாம். வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடலாமோ?

எனவே, டெக்னோபார்க்கில் மென்பொருள் ஆக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழுதைக் கண்டறியத் தேவையானதை மட்டும் திரட்டுங்கள், திரட்டியதை உரியவரிடம் காட்டுங்கள், அவர் இசைந்த பின்னரே பெறுங்கள். இல்லத்தாருக்கும் ஒன்று: கேட்பதைப் படித்துப் பாருங்கள், தீங்கில்லையெனில் மறுக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் குறிப்பு, முகமறியா ஒருவரின் பொறியையும் பழுதின்றிக் காக்கும்.