கொல்லைப்புறத்துக் கணக்கு

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் ஆடி மாதம் நாம் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக் கொல்லையிலும் காய்கறித் தோட்டம் போட வேண்டும், அதற்குத் தனியாக வரவு செலவு நோட்டு வைக்க வேண்டும், தை முடிந்ததும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும் என்று தீர்மானம். சொன்னபடி நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். உள்ளதைச் சொல்லிடறோம். பாதி நோட்டில் எழுத்தே இல்லை. எழுதியிருந்த நோட்டிலும் பெரிய தொகை தேறவில்லை. "கத்தரி நாத்தை மயில் கொத்திடுச்சு", "வெண்டையை ஆடு மேய்ஞ்சிடுச்சு", "வேலி முள்ளு வெட்டின கூலிகூட வரலை" என்றுதான் இருந்தது. லாபம் இல்லாத திட்டம், நிறுத்திவிடலாம் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆனால் குழுக்களில் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நோட்டை வேணா நிறுத்துங்க, தோட்டத்தை நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரித்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, நோட்டில் எழுத இடமில்லாத ஒரு வரவு இதில் இருக்கிறது என்று.

ஒன்று சொல்கிறோம். ஒரு குழுவில் ஓர் உறுப்பினர். இரண்டு தவணை பாக்கி. கூட்டத்துக்கு வந்தால் கடைசியில்தான் உட்காருவார், தலை நிமிரமாட்டார். மார்கழியில் ஒரு நாள் கட்டைப்பை நிறைய அவரைக்காயோடு வந்தார். ஆளுக்கு ரெண்டு கை என்று எல்லார் மடியிலும் போட்டார். தவணை அன்றைக்கும் கட்டவில்லை. ஆனாலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். நாம எல்லாரும் கேட்டு வாங்கியே பழகினவங்க. பிறந்த வீட்டில் கேட்டோம், புருஷன்கிட்ட கேட்டோம், இப்ப பேங்கில் கேட்கிறோம். யாரையும் கேட்காமல் நம்ம கையால் எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கிற பொருள் நம்மகிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க? அந்த அவரைக்காய்க்குச் சந்தை விலை போட்டுத்தான் நாங்கள் நோட்டில் எழுதச் சொன்னோம். நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த அவரையைப் பற்றியும் சொல்லணும். நாட்டு அவரையை ஆடியில் ஊன்றினால் கொடி கொடியாக ஓடும், பந்தல் நிறைய இலைதான் இருக்கும். பகல் குறைந்து ராத்திரி நீண்டால்தான் அது பூவெடுக்கும். இது தெரியாமல், பூக்கவில்லையே என்று புரட்டாசியிலேயே கொடியை அறுத்துப் போட்டவர்கள் நம்மில் உண்டு. பொறுத்தவர்களுக்குப் பனி இறங்கினதும் கொத்துக் கொத்தாகப் பூத்தது, பொங்கல் குழம்புக்கும் காய் இருந்தது. அசுவினி ஒட்டினால் பயப்பட வேண்டாம், காலையில் ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள்.

2020ஆம் வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டபோது பஸ் இல்லை, வாரச்சந்தை இல்லை, கூலி வேலையும் நின்றுபோனது. அந்தக் கோடையில் முருங்கை மரமும் ஒரு பாத்தி அரைக்கீரையும் இருந்த வீடுகளில் குழம்புக்கு வழி இருந்தது. அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வயிறு நிறைந்ததைவிட, "நாளைக்கு என்ன செய்யப் போறோம்" என்ற பயம் கொஞ்சம் அடங்கினதுதான் பெரிசு என்று அந்த வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

எங்கள் நிர்வாகிகளில் ஒருவருக்கு அம்மா பங்குனியில் தவறிப்போனார்கள். மூன்று மாதம் அவர் சரியாகப் பேசவே இல்லை. அம்மா வீட்டு அடுப்படியில், புகை படும் இடத்தில், ஒரு பீர்க்க நெற்று தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பட்டத்துக்கென்று அம்மா கட்டி வைத்தது. ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்றது. ஆடி பிறந்ததும் கொண்டுவந்து ஊன்றினார். பாதி முளைக்கவில்லை. முளைத்தது கூரையில் ஏறிப் பூத்தது. பீர்க்கம்பூ பொழுது சாயும்போதுதான் விரியும், பார்த்திருப்பீர்கள். அம்மா விளக்கேற்றுகிற நேரமும் அதுதான். தினமும் அந்த நேரத்துக்கு அவர் கொடியடியில் போய் நிற்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்.

இதைக் கேட்டு, "இதெல்லாம் சாமி காரியம் மாதிரி சொல்றீங்களே" என்று ஓர் அக்கா கேட்டார். ஆமாம் என்றுதான் நினைக்கிறோம். அம்மன் கோயில் முளைப்பாரிக்கு நாம் என்ன செய்கிறோம்? விரதம் இருந்து, எருவும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறோம். முளை நன்றாக வந்தால் நம் குடும்பம் நன்றாக இருக்கும் என்று நம்பிக் கும்மி கொட்டுகிறோம். கடைசியில் தலையில் தூக்கிப்போய்க் கண்மாயில் கரைக்கிறோம், ஒரு பைசா வரவில்லை. அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லையே. கொல்லையில் விதை போடுவதும் அதே கைதான், அதே வேண்டுதல்தான்.

இடமில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள், வாடகை வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பழைய சிமெண்ட் சாக்கில் மண்ணும் மக்கின சாணியும் கலந்து போட்டால் ஒரு கத்தரிச் செடிக்குப் போதும். அரிசி களைந்த தண்ணியை ஊற்றுங்கள். சோப்புத் தண்ணியைக் கீரைக்கு விடவேண்டாம், வாழைக்கு விடுங்கள்.

ஆகவே இந்த வருஷம் வரவு செலவு நோட்டு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பதில் ஆனிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பிடி விதை கொண்டுவாருங்கள். நாட்டு விதையாக இருக்கட்டும். ஹைபிரிட் செடியில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. துணியில் முடிந்து, என்ன விதை, யார் வீட்டு விதை என்று ஒரு சீட்டு வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து உறுப்பினர் எழுதிக் கொடுக்கட்டும். பீர்க்கு எங்களிடம் இருக்கிறது. மிதிபாகலும் நாட்டுச் சுரையும் யாரிடமாவது இருந்தால் அவசியம் எடுத்துவாருங்கள், போன தடவை அது ரெண்டும் கிடைக்காமல் நிறையப் பேர் கேட்டார்கள்.