அழைத்தவரே கதவைச் சாத்தலாமா?



நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் யவத்மால் நகரில், 92-ஆவது அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாடு கூடியது. அதைத் தொடங்கிவைக்க நயன்தாரா சேகலை அழைத்திருந்தார்கள். அப்போது அவருக்கு 91 வயது. அழைப்பை ஏற்றுக்கொண்டார், உரையை எழுதி முடித்தார். அந்த நேரத்தில் ராஜ் தாக்கரே கட்சியின் உள்ளூர்க்காரர்கள் சிலர் கிளம்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் மராத்தி மாநாட்டைத் தொடங்கிவைப்பதா, விடமாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான். மாநாடு நடத்தியவர்கள் அந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதி, அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

யார் இந்த நயன்தாரா சேகல்? விஜயலட்சுமி பண்டிட்டின் மகள், நேருவின் தங்கை மகள். அப்பா ரஞ்சித் சீதாராம் பண்டிட் மராத்தியக் குடும்பத்தில் வந்தவர். காஷ்மீரத்து வரலாற்றைச் சொல்லும் ராஜதரங்கிணியைச் சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அறிஞர். வெள்ளையன் சிறையில் உடல் கெட்டு, 1944-இல் இறந்துபோனார். அவருடைய மகளைத்தான் மராத்தி மண்ணுக்கு அந்நியர் என்றார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திரா காந்தி இவருக்கு மாமன் மகள். அந்த மாமன் மகள் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது எதிர்த்து எழுதியவர் இவர். பகுத்தறிவாளர்கள் தபோல்கர், பன்சாரே, கல்புர்கி ஆகியோர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2015 அக்டோபரில், சாகித்திய அகாதமி விருதைத் திருப்பிக் கொடுத்தவரும் இவர்தான். யவத்மால் மேடையில் இவர் என்ன பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆங்கிலம் என்கிற சாக்கு எடுபட்டது.

இதில் எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. செய்தி பெரிதானதும் ராஜ் தாக்கரேயே அறிக்கை விட்டார், அவர் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. மிரட்டல் அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகாவது மறுபடி அழைத்தார்களா? இல்லை. மிரட்டியவன் கையை எடுத்த பிறகும் மிரண்டவன் நிமிரவில்லை, தோழர்களே! அதனால்தான் சொல்கிறேன், கூச்சல் போட்டவர்கள் மேல் இருக்கும் கோபத்தைவிட, அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம்.

ஆனால் மராத்தி எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் போனால் அவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். பலர் மாநாட்டைப் புறக்கணித்தார்கள். மாநாட்டை நடத்தும் இலக்கிய மகாமண்டலத்தின் தலைவர் ஸ்ரீபாத் ஜோஷி பதவி விலகினார். முந்தைய மாநாட்டின் தலைவர் லக்ஷ்மிகாந்த் தேஷ்முக், அதே மேடையில் நின்றுகொண்டு, செய்தது தவறு என்று சொன்னார். தொடக்க விழாவில் சில பெண்கள் நயன்தாராவின் முக உருவத்தை முகமூடியாக அணிந்து உட்கார்ந்தார்கள். பேச விடாத உரையின் வாசகம் வெளியாகி, அந்த மாநாட்டுப் பந்தலுக்குள் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ அதைவிடப் பல மடங்கு பேரிடம் போய்ச் சேர்ந்தது. மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் வைஷாலி ஏடே. விவசாயியான கணவரைத் தற்கொலையில் பறிகொடுத்த பெண். யவத்மால் என்றாலே விவசாயிகளின் தற்கொலை நினைவுக்கு வருகிற மாவட்டம் அது. அவர் அந்த இடத்துக்கு முழுத் தகுதி உடையவர். இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தியிருந்தால் எப்பேர்ப்பட்ட மாநாடாக இருந்திருக்கும்!

இது ஏதோ ஒரு கட்சியின் குணம் என்று நினைத்து யாரும் இங்கே கைதட்ட வேண்டாம். கொடியின் நிறம் மாறும், வேலை ஒன்றுதான். 2007 ஆகஸ்டில் ஹைதராபாத் பிரஸ் கிளப்பில் வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரினைத் தாக்கிய கூட்டத்தில் மஜ்லிஸ் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களே இருந்தார்கள். 2012 ஜனவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவுக்கு சல்மான் ருஷ்டி வரக்கூடாது என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. கொலைகாரர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று போலீஸ் தரப்பிலிருந்து தகவல் போனது. அவர் வரவில்லை. சரி, வீடியோவிலாவது பேசட்டும் என்றால் அதற்கும் விடவில்லை. போலீஸ் சொன்னதன் பேரில், விழா நடந்த மாளிகையின் உரிமையாளரே மேடையேறி ரத்து என்று அறிவித்தார். 2017 பிப்ரவரியில் டெல்லி ராம்ஜஸ் கல்லூரியின் கருத்தரங்குக்கு மாணவச் செயல்பாட்டாளர்களான உமர் காலிதையும் ஷெஹ்லா ரஷீதையும் அழைத்திருந்தார்கள். ஏபிவிபி மாணவர் அமைப்பினர் ரகளை செய்தார்கள், அழைப்பு ரத்தானது. அந்தக் கருத்தரங்கின் தலைப்பே எதிர்ப்பின் பண்பாடுகள் பற்றியது!

நம் ஊருக்கு வருவோம். பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்தபோது, நாமக்கல்லில் 2015 ஜனவரியில் அதிகாரிகள் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். அதன் முடிவில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர் எழுத்தாளர். அந்த உடன்படிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2016 ஜூலை ஆயிற்று. ஒன்றரை ஆண்டு! ஒரு படைப்பாளியின் வாழ்நாளில் ஒன்றரை ஆண்டை அமைதியின் பெயரால் பறித்துக்கொண்டார்கள்.

கூட்டம் நடத்த நாம் அலைகிற அலைச்சல் உங்களுக்குத் தெரியாததா? மாவட்டங்களில் காவல் சட்டத்தின் 30(2)-ஆவது பிரிவு, சென்னையில் நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. முன்னது 1861-இல் வெள்ளைக்காரன் போட்டது, பின்னது 1888-இல் போட்டது. மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் இரவுவரை பதில் வராது. பிறகு, இன்னார் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள், சட்டம் ஒழுங்கு கெடும், அனுமதி இல்லை என்று ஒரு தாள் கையில் வரும். மண்டபக்காரருக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போகும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் பிழைப்பைப் பார்க்கிறார். எதிர்ப்பவர்கள் நூறு பேர் வருவார்கள் என்றால் அந்த நூறு பேரை வாசலில் நிறுத்திப் பாதுகாப்புக் கொடுப்பது போலீஸின் வேலை. அதைச் செய்யாமல் பேசுகிறவரை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம். பிராமணப் பெண் ஒருத்தி தாழ்த்தப்பட்ட சாதிச் சான்றிதழ் வாங்கி வேலைக்குப் போகிற கதை. இட ஒதுக்கீட்டைக் குறை சொல்லும் படம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. வழக்கு டெல்லிக்குப் போனது. ஊர்வலம் வரும், ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பகைமையோடு வருகிற கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் ஆகாது என்று ஓர் அரசு சொல்லவே கூடாது, உரிமையைக் காப்பது அதன் கடமை என்றும் சொன்னது.

நான் இட ஒதுக்கீட்டின் பக்கம் நிற்பவன். அந்தப் படத்தின் வாதம் தவறு என்று எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அந்தத் தீர்ப்பை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நாளை என் கூட்டத்தை நிறுத்த எவனாவது வந்தால், நான் கையில் எடுக்கப்போவது அந்தத் தீர்ப்பைத்தான்.

அப்படியானால் எதிர்ப்பே கூடாதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். எதிர்க்க வேண்டும்! 1958 ஜனவரியில் பிரதமர் நேரு சென்னைக்கு வந்தபோது திமுக கறுப்புக்கொடி காட்டியது. கறுப்புக்கொடி காட்டுவதும், வாசலில் நின்று முழக்கமிடுவதும், துண்டறிக்கை கொடுப்பதும், எழுந்து வெளிநடப்புச் செய்வதும் எல்லாமே பேச்சுதான். அந்த உரிமையில் கை வைக்கிற போலீஸையும் இதே குரலில் கண்டிப்பேன். ஒரு பேச்சாளரை ஏன் அழைத்தாய் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்க வந்தவனின் காதை அடைக்க மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை.

1943-ஐ நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா முழங்கிய காலம். நூலைக் கொளுத்துகிற யோசனையில் எனக்கு உடன்பாடு கிடையாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்பனிலேயே ஊறிக் கிடந்தவர்களுக்கு அதைவிட நெஞ்சைச் சுடுகிற சொல் இருந்திருக்குமா? அவர்கள் என்ன செய்தார்கள்? ரா. பி. சேதுப்பிள்ளை சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்துக்கு வந்து அண்ணாவோடு வாதிட்டார். அடுத்துச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்து வாதிட்டார். அந்தச் சொற்போர் ‘தீ பரவட்டும்’ என்று புத்தகமாகி இன்றும் கிடைக்கிறது. தம் உயிருக்கு நிகரான நூலைக் கொளுத்தச் சொன்னவனோடு ஒரே மேடையில் ஏறிப் பேசினார்கள் தமிழ்ப் புலவர்கள்! 1944-இல் கடலூரில் பெரியார் மேல் செருப்பு வீசினார்கள். அவர் தன் பேச்சையும் பயணத்தையும் நிறுத்தவில்லை. கல்லையும் செருப்பையும் தாங்கி வளர்ந்த மேடையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஆளும்போதும், மாற்றுக் கருத்துக் கூட்டத்துக்கு அனுமதி மறுக்கும் தாள் அதே காவல் நிலையத்திலிருந்து வருகிறது என்றால், அதைத் தட்டிக் கேட்க நமக்குக் கடமை இல்லையா?

இப்போது நம்மையே சோதிக்கிற ஒரு வழக்குக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளரைப் பேச வைத்தார்கள். உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்கிற பொருள்பட அவர் பேசினார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் படிக்கிற அரசுப் பள்ளியில், பிள்ளைகள் முன்னால்! அங்கே பார்வைத்திறன் இல்லாத ஓர் ஆசிரியர் எழுந்தார். ஆன்மிகத்தின் பெயரால் இதை எப்படிப் பேசலாம் என்று முகத்துக்கு நேரே கேட்டார். பேச்சாளர் குரலை உயர்த்திப் பதில் சொன்னதும், ஆசிரியர் அசையாமல் நின்றதும் வீடியோவாக ஊரெல்லாம் பரவியது.

அந்த ஆசிரியரின் கேள்விதான் இந்தக் கூட்டத்தில் நான் போற்ற விரும்பும் எதிர்ப்பு. எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, மைக்கைப் பிடுங்கவில்லை, நின்ற இடத்தில் நின்று கேட்டார். அந்தப் பேச்சாளரின் பேச்சு அந்த நிமிடமே பொடிப்பொடியானது. பள்ளி நிர்வாகம் அவரை அழைத்திருக்கக் கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. வகுப்புப் பிள்ளைகள் எழுந்து போக முடியாது. பிடிக்காவிட்டால் வெளியேற முடியாத பிள்ளைகள் முன்னால் யாரை நிறுத்துவது என்பதில் பள்ளிக்கு இரட்டிப்புப் பொறுப்பு உண்டு. பொதுக்கூட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? விமான நிலையத்தில் வைத்து அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். இங்கே பலருக்கு அது இனித்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு இனிக்கவில்லை. அந்தப் பேச்சை நான் அருவருக்கிறேன், பெருங்குற்றமாகவே மனத்தில் வைத்திருக்கிறேன். என்றாலும் பதில் சொல்லி முடித்த பேச்சுக்குச் சிறை எதற்கு? அவரைப் பள்ளிக்குள் விட்ட நடைமுறையைத் திருத்துங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் மருத்துவரை அழைத்து, பிறவிக்குறை எதனால் வருகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள். அந்த ஆசிரியரை இன்னும் நூறு பள்ளிகளில் பேச வையுங்கள். பேச்சாளரைச் சிறைக்கு அனுப்பியதும் ஒரே வாரத்தில் விவாதம் ஆசிரியரின் கேள்வியை விட்டு விலகி, கைதைப் பற்றியதாக மாறிவிட்டதே, பார்த்தீர்களா?

எல்லை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2021 டிசம்பரில் ஹரித்வாரில் கூடிய சாமியார்கள், முஸ்லிம்களைக் கொல்லுங்கள், ஆயுதம் எடுங்கள் என்ற பொருள்பட மேடையிலேயே அழைத்தார்கள். மனித உயிர்மேல் ஏவுகிற அழைப்பைக் கருத்து என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குச் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் ஆள் பார்க்காமல் பாய வேண்டும். மனம் புண்படுவது வேறு, உயிருக்கு ஆபத்து வருவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற அதிகாரிகளால்தான் இத்தனை மண்டபங்களும் பூட்டிக் கிடக்கின்றன.

கடைசியாக, கூட்டம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே கல்லூரிப் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், நூலக வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அழைக்கும் முன் நூறு முறை யோசியுங்கள், சண்டை போடுங்கள், இவர் வேண்டாம் என்று முடிவெடுங்கள், எனக்கு மறுப்பில்லை. அழைப்பிதழில் பெயரை அச்சடித்த பிறகு, மிரட்டலுக்காக அந்தப் பெயரை அடிக்காதீர்கள். மிரட்டல் வந்தால் மூடிமறைக்காமல் எழுத்தில் வாங்கி, அன்றைக்கே பத்திரிகைக்குக் கொடுங்கள். எதிர்ப்பவர்களுக்கும் முன்வரிசையில் இடம் போட்டுக் கேள்வி நேரத்தில் முதல் மைக்கை அவர்களிடம் கொடுங்கள். மண்டபம் மறுத்தால் மொட்டை மாடியில் நடத்துங்கள்.

இந்த அவையின் முன் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். உள்ளரங்கக் கூட்டங்களுக்கு முன்அனுமதி கேட்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட வேண்டும். எதிர்ப்பைக் காரணம் காட்டி ஒரு கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரி, போதிய பாதுகாப்பு ஏன் கொடுக்க முடியவில்லை என்பதை எழுத்தில் விளக்க வேண்டும். அந்த விளக்கம் கூட்டம் நடக்கும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே அமைப்பாளர் கையில் கிடைக்க வேண்டும், அவர் நீதிமன்றம் போக அவகாசம் இருக்க வேண்டும். இதை வழிமொழிகிறவர்கள் கை உயர்த்துங்கள். உடன்பாடு இல்லாதவர்கள் இருந்தால், தீர்மானம் வாக்குக்கு வரும் முன் மேடைக்கு வந்து பேசுங்கள். நான் இறங்கி இடம் விடுகிறேன்.