நிருபரின் செவியும் நமது கடமையும்



1885 டிசம்பர் 28-ஆம் நாள், அன்று பம்பாய் எனப்பட்ட இந்நகரில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியது. அதில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் ஒரு தமிழ்ப் பத்திரிகையாசிரியர். 1882-இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயர். பொதுச்செய்திகளைத் தமிழிலேயே தமிழருக்கு எட்டச் செய்தவர் அவர்.

பணிக்குச் செல்லும் நாம் எல்லாக் கூட்டங்களுக்கும் போக இயலாது. நிருபரின் செவியே நம் செவி. சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனிக்கு வந்த அதிகாரி ஒருவர், தண்ணீர்க் குழாய் குறித்துப் "பரிசீலிப்போம்" என்றார். மறுநாள் ஒரு பத்திரிகையில் "குழாய் வருகிறது" என்று வெளிவந்தது. அதை நம்பி நாம் மனுக் கொடாதிருந்தோம். ஓராண்டு குடமேந்தி நின்றவர்கள் நம் தாய்மார்களே!

ரயில்வேயில் வண்டி புறப்பட்ட நேரத்தையே பதிவேட்டில் எழுதுகிறோம். புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்தை அன்று. நிருபருக்கும் அதுவே நெறி. பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956-இல் வந்த சட்டம், பாராளுமன்ற நடவடிக்கைகளைப் பெரும்பாலும் உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்கே காப்பளித்தது. 1976-இல் நீக்கப்பட்ட அச்சட்டம் 1977-இல் மீண்டது.

நமக்கும் கடமையுண்டு. கூட்டத்தின் முடிவை எழுத்தில் பெற்று நிருபரிடம் அளிப்போம். பிழை கண்டால் அன்றே ஆசிரியருக்கு எழுதுவோம்.