எந்த விலையில எவ்வளவு கை மாறுச்சு: வால்யூம் ப்ரொஃபைலும் என்னோட ஒரு பக்கும்

எபிசோடின் எழுத்து வடிவம். நீளம் கருதிச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.

முதல்லயே சொல்லிடறேன், நான் செபியில பதிவு பண்ணின ஆலோசகர் கிடையாது. கோட் எழுதிச் சம்பளம் வாங்குற ஆள். இந்த எபிசோட்ல எந்த ஷேரையும் வாங்குங்க, வில்லுங்கனு சொல்லப் போறதில்ல. அப்படி ஒரு தடவை சொல்லித்தான் மாட்டிக்கிட்டேன். அந்தக் கதை பின்னாடி வருது.

இன்னைக்கு டாபிக் வால்யூம் ப்ரொஃபைல். டிரேடிங் ஆப்ல சார்ட் பார்த்திருப்பீங்க. கீழ வரிசையா குச்சி குச்சியா நிக்குமே, அது சாதாரண வால்யூம். எந்த நேரத்துல எவ்வளவு ஷேர் கை மாறுச்சுனு அது சொல்லும். வால்யூம் ப்ரொஃபைல் கேக்குற கேள்வி வேற: எந்த விலையில எவ்வளவு கை மாறுச்சு? அதனால அந்தக் குச்சிகள் சார்ட்டோட ஓரத்துல, விலைக்கு நேரா, படுத்த வாக்குல இருக்கும்.

காதுல கேக்குறவங்களுக்குப் படம் காட்ட முடியாது, அதனால கோயம்பேடு போவோம். ஒரு நாள் காலையில தக்காளி கிலோ 40 ரூபாய்ல ஆரம்பிச்சு 20 ரூபாய்ல முடியுதுனு வைங்க. 40 ரூபாய்க்கு 10 பெட்டி போச்சு. 30 ரூபாய்க்கு வந்ததும் 200 பெட்டி போச்சு. 25ல சட்டுனு தாண்டிடுச்சு, 5 பெட்டிதான். ஒவ்வொரு விலைக்கு நேராவும் அத்தனை பெட்டியைப் படுக்க அடுக்கிப் பாருங்க. 30க்கு நேரா நீளமா ஒரு வரிசை, 25க்கு நேரா ஒரு பள்ளம். அவ்வளவுதாங்க வால்யூம் ப்ரொஃபைல்.

அந்த நீளமான வரிசைக்குப் பேரு பாயிண்ட் ஆஃப் கன்ட்ரோல். அதுல ஆரம்பிச்சு மேலயும் கீழயும் எந்தப் பக்கம் வால்யூம் அதிகமோ அந்தப் பக்கமா சேர்த்துக்கிட்டே போய், மொத்தத்துல 70 சதவீதம் வந்ததும் நிறுத்தினா, அது வேல்யூ ஏரியா. வரிசை குட்டையா இருக்கிற பள்ளத்தை லோ வால்யூம் நோடுனு சொல்வாங்க. அங்க விலை ரொம்ப நேரம் நிக்காம வேகமா கடந்துடும்ங்கிறது டிரேடர்களோட நம்பிக்கை. நம்பிக்கைங்கிற வார்த்தையைக் கவனிச்சுக்கோங்க.

இதோட முன்னோடி மார்க்கெட் ப்ரொஃபைல். சிகாகோ போர்டு ஆஃப் டிரேட்ல டிரேடரா இருந்த பீட்டர் ஸ்டைடில்மேயர் 1980கள்ல கொண்டு வந்தது. அதுல வால்யூம் இல்ல, நேரம்தான் கணக்கு. ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒரு எழுத்து. அந்த அரை மணியில விலை தொட்ட இடத்துல எல்லாம் அந்த எழுத்தைப் போடணும். நம்ம என்எஸ்இ 9:15க்குத் தொடங்கி 3:30க்கு முடியுது, மொத்தம் 375 நிமிஷம். அப்போ 13 எழுத்து வரும், கடைசி எழுத்துக்கு வெறும் கால் மணி நேரம். கம்ப்யூட்டர் இல்லாமலே கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சுடலாம்.

படம் எங்க இருந்து வருது?

இப்போ இன்ஜினியர் மாதிரி யோசிப்போம். ஒவ்வொரு டிரேடும் என்ன விலை, எத்தனை ஷேர்னு டிக் டேட்டா கைல இருந்தா, ப்ரொஃபைல் துல்லியமா வரும். நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட பெரும்பாலும் இருக்கிறது கேண்டில் டேட்டா. ஒரு நிமிஷ கேண்டில், லோ 498, ஹை 502, வால்யூம் 10,000. அந்த 10,000 எந்த விலையில நடந்துச்சு? தெரியாது. அதனால 498ல இருந்து 502 வரைக்கும் ஆளுக்கு 2,000னு பிரிச்சுடலாம். இல்ல, மொத்தத்தையும் குளோசிங் விலையில கொட்டிடலாம். ரெண்டும் ஊகம்தான். இதே வேலையைத் தினசரி கேண்டில்ல பண்ணினா ஊகம் இன்னும் பெருசு.

அடுத்தது, வரிசை அகலம். ஒரு ரூபாய்க்கு ஒரு வரிசையா, 5 ரூபாய்க்கு ஒண்ணா? நான் ஒரே டேட்டாவை ரெண்டு விதமாவும் ஓட்டிப் பார்த்தேன். பாயிண்ட் ஆஃப் கன்ட்ரோல் வேற வேற இடத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு ஆப்ல ரெண்டு கோடு ஏன் வருதுனு குழம்பினவங்களுக்கு ஒரு காரணம் இதுதான்.

இன்னொண்ணு. "இந்த விலையில பயங்கரமா வாங்கியிருக்காங்க"னு வீடியோல எல்லாம் சொல்வாங்க. விக்க ஒருத்தர் இல்லாம யாரும் வாங்க முடியாதுங்க. 200 பெட்டி வாங்கப்பட்டா 200 பெட்டி விக்கப்பட்டிருக்கு. அந்த விலைக்கு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு மேல அந்தப் படம் எதையும் சொல்லாது.

அப்பாவோட 300 ஷேர்

சரி, என் கதை. எங்க அப்பா ரிட்டயர்டு. பென்ஷன்ல மிச்சம் பிடிச்சு ஒரு கம்பெனி ஷேர் 300 வெச்சிருந்தார். விலை 400க்கு மேல இருந்து இறங்கி இறங்கி 352க்கு வந்துச்சு. போன் பண்ணினார். "தம்பி, இன்னும் இறங்குமாடா?"

நான் அப்போதான் பைத்தான்ல சொந்தமா வால்யூம் ப்ரொஃபைல் எழுதி முடிச்சிருந்தேன். பயங்கர உற்சாகம். ஓட்டிப் பார்த்தா, 350க்குக் கீழ 320 வரைக்கும் பெரிய பள்ளம். "கீழ காலி இடம்தான்ப்பா. போனா வேகமா போகும். வித்துடுங்க"னு சொல்லிட்டேன். அவரும் அன்னைக்கே வித்துட்டார்.

338 வரைக்கும் போச்சு. அங்கேயே சில வாரம் உக்காந்துச்சு. அப்புறம் திரும்பி, நாலு மாசத்துல 410. ஒரு ஷேருக்கு 58 ரூபாய், 300 ஷேருக்கு 17,400.

மார்க்கெட்னா அப்படித்தான்னு நான் என்னையே தேத்திக்கிட்டேன். பிறகு வேற ஒரு வேலையா அந்த டேட்டாவைத் திறந்து, விலையையும் வால்யூமையும் பெருக்கி தினசரி டர்ன்ஓவர் வரைஞ்சேன். ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்து திடீர்னு 5 மடங்கு. அந்த நாள் என்னன்னு தேடினா, கம்பெனி ஷேரை 5ஆ பிரிச்ச நாள்.

புரியாதவங்களுக்கு: ஸ்ப்ளிட் ஆனா, 4,000 ரூபாய் ஷேர் ஒண்ணு 800 ரூபாய் ஷேர் அஞ்சா மாறும். ஐஆர்சிடிசி 2021 அக்டோபர்ல இப்படித்தான் 5ஆ பிரிஞ்சுச்சு. பழைய சார்ட்டை இன்னைய விலையோட ஒப்பிடணும்னா, பழைய விலையை 5ஆல வகுக்கணும். அதே நேரம் பழைய வால்யூமை 5ஆல பெருக்கணும். நான் எடுத்த டேட்டாவுல விலை சரி பண்ணியிருந்துச்சு, வால்யூம் பண்ணல. நான் செக் பண்ணவே இல்ல.

இப்போ பாருங்க. அந்த 320-350 பகுதி டிரேட் ஆனது பெரும்பாலும் ஸ்ப்ளிட்டுக்கு முன்னாடி. அங்க இருந்த வால்யூம் எல்லாம் என் படத்துல அஞ்சுல ஒரு பங்காத்தான் தெரிஞ்சுச்சு. பள்ளம்னு நான் சொன்ன இடம் பள்ளமே இல்ல. ஒரு வரி திருத்தி ஓட்டினேன். அங்கதான் நீளமான வரிசை நின்னுச்சு.

"அப்போ கோட் சரியா இருந்தா வெச்சுக்கோங்கனு சொல்லியிருப்ப, அப்பாவுக்கு லாபம்"னு நீங்க நினைக்கலாம். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். அதுவும் தப்பு. நீளமான வரிசை விலையைத் தாங்கிப் பிடிக்கும்னு எந்தச் சட்டமும் இல்ல. அதே ஐஆர்சிடிசியை எடுத்துக்கோங்க. ஸ்ப்ளிட் ஆன மறுநாள், கன்வீனியன்ஸ் கட்டணத்துல பாதியை ரயில்வேக்குக் கொடுக்கணும்னு வந்த செய்தியில, காலையிலேயே 25 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. அரசாங்கம் அன்னைக்கே முடிவை வாபஸ் வாங்கவும், விழுந்ததுல பெரும்பகுதியை மீட்டுடுச்சு. அரசாங்கத்தோட முடிவு எந்த ப்ரொஃபைல்லயும் முன்கூட்டித் தெரியாது. அது நடந்து முடிஞ்ச வியாபாரத்தோட கணக்கு மட்டும்தான். தப்பான படத்தை வெச்சு வில்லுங்கன்னதும், சரியான படத்தை வெச்சு வெச்சுக்கோங்கன்னு சொல்லியிருந்தாலும், ரெண்டுமே அந்தக் கணக்கு தாங்காத பாரம்.

ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட லேப்டாப்பைத் திறந்து காமிச்சேன். என் கணக்குல தப்புப்பா, கம்ப்யூட்டர் காமிச்சதை நம்பிச் சொல்லிட்டேன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நான் கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னா வித்தேன்? நீ சொன்ன, வித்தேன்"னார். அப்புறம் காபி குடிச்சியானு கேட்டுட்டு எழுந்து போயிட்டார்.

திட்டியிருந்தா பரவால்ல போலனு இருந்துச்சு.

கேக்குறவங்களுக்கு

நீங்களே ப்ரொஃபைல் வரையப் போறீங்கன்னா, மூணு விஷயம். ஒண்ணு, ஸ்ப்ளிட், போனஸ் தேதிக்கு முன்னயும் பின்னயும் டர்ன்ஓவரை வரைஞ்சு பாருங்க. சரியா அந்தத் தேதியில படி ஏறி, அப்படியே நின்னா சந்தேகப்படுங்க. ரெண்டு, வரிசை அகலத்தை மாத்தி மாத்தி ஓட்டுங்க. அப்பவும் அசையாம நிக்கிற இடத்தை மட்டும் கணக்குல எடுங்க. மூணு, நிஃப்டி ஒரு இண்டெக்ஸ், அதை யாரும் நேரடியா வாங்க முடியாது. அங்க தெரியுற வால்யூம் எதோடதுனு கேட்டுட்டு அப்புறம் நம்புங்க.

அதுக்கு மேல ஒரு நம்பர். 2022 நிதியாண்டுல இருந்து 2024 நிதியாண்டு வரைக்கும் மூணு வருஷத்தை செபி ஆய்வு பண்ணுச்சு. எஃப் அண்ட் ஓல டிரேட் பண்ணின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அவங்க யார்கிட்டயும் சார்ட் இல்லாம இல்ல.

அப்பா இப்பவும் போன் பண்றார். "எவ்வளவுக்கு இருக்கு?"னு கேப்பார். விலையைச் சொல்றேன். இறங்குமானு கேட்டா, தெரியாதுப்பான்னு சொல்றேன். அந்தப் பதிலைச் சொல்லப் பழகிக்க எனக்கு 17,400 ரூபாய் ஆச்சு. அதுவும் அவரோட ரூபாய்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.