கைபேசியிற் பிறக்கும் இசை



இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்து வைத்தனர் நம் முன்னோர். மத்தளமும் தவிலும் தோற்கருவிகள், குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள், யாழும் வீணையும் நரம்புக்கருவிகள், தாளம் கஞ்சக்கருவி. இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைபேசியை இவற்றுள் எவ்வகையில் அடக்குவது? அதன்கண் அடிப்பதற்குத் தோல் இல்லை. ஊதுவதற்குத் துளை இல்லை. மீட்டுவதற்கு நரம்பும் இல்லை. எனினும் அதன் கண்ணாடித் திரையை ஒருமுறை தொட்டால் முழவு ஒலிக்கின்றது. மறுமுறை தொட்டால் வீணை ஒலிக்கின்றது. கைபேசியிலும் பலகைக் கணினியிலும் தாளமும் இசையும் ஆக்கும் இப்புதிய கலையினால் நம் பிள்ளைகள் பெறுவது யாது, இழக்கக்கூடியது யாது என்பது பற்றிச் சில கூற விழைகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாக நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்களைப் பெறுவதற்கென்று அக்காலத்தில் பல வீடுகளுக்குக் கைபேசி வந்து சேர்ந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. கைபேசியோ வீட்டை விட்டு அகலவில்லை. "பிள்ளை எந்நேரமும் கைபேசியும் கையுமாய் இருக்கிறான், ஐயா" என்று பெற்றோர் என்னிடம் முறையிடாத நாள் அரிது. அம்முறையீடு நியாயமானதே. ஆயினும், பிறர் ஆக்கியதைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. தானாக ஒன்றை ஆக்குவது வேறு. முன்னையதற்குப் பயன்படும் அதே பொருள் பின்னையதற்கும் பயன்படுமாயின், பிள்ளையை அப்பக்கம் திருப்புவதே அறிவுடைமை.

இக்கருவி எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. கைபேசியின் ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னசைவாக மாற்ற, உள்ளிருக்கும் பொறி அதனை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கின்றது. இத்துணை தடவை எதற்கு எனின், மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. ஓர் அதிர்வைப் பிழையின்றிக் குறிக்க அதனை இருமடங்குக்கு மேலான தடவை அளத்தல் வேண்டும். எண்களாகிவிட்ட ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், கூட்டலாம், குறைக்கலாம். இதில் மாயம் எதுவும் இல்லை, உள்ளது கணிதமே.

இக்கலை ஒரே நாளில் முளைத்ததன்று. 1980ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரோஜர் லின் என்பவர், மெய்யான முழவுகளின் ஒலியை எண்களாகப் பதிந்து வைத்த தாளப் பொறி ஒன்றை வெளியிட்டார். அதன் விலை ஏறக்குறைய 5,000 அமெரிக்க டொலர். அதே ஆண்டில் யப்பானிய நிறுவனமான ரோலண்ட், மின்னோட்டத்தினாலேயே முழவொலியை உண்டாக்கும் '808' என்னும் பொறியை வெளியிட்டது. 1983ஆம் ஆண்டில் பல நிறுவனங்களின் கருவிகளும் தம்முள் உரையாடுவதற்கு 'மிடி' என்னும் பொது முறை வகுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் 'கராஜ்பாண்ட்' என்னும் இசைச் செயலியைப் பலகைக் கணினிக்கும், பின்னர்க் கைபேசிக்கும் அளித்தது. இன்று அதனையொத்த செயலிகள் பலவுண்டு. அவற்றுட் சில இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருகாலத்திற் செல்வர்களின் ஒலிப்பதிவுக்கூடத்தில் மட்டும் இருந்த பொறி, இன்று சட்டைப்பையில் அடங்கிவிட்டது.

அமெரிக்க நாட்டின் கொம்ப்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீவ் லேசி என்னும் இளைஞர், கிற்றாரைத் தம் கைபேசியுடன் இணைத்து, கராஜ்பாண்ட் செயலியிலேயே பாடல்களை ஆக்கினார். அவ்வாறு அவர் கைபேசியில் அமைத்த இசை, கென்ட்ரிக் லமார் என்னும் புகழ்பெற்ற பாடகரின் 2017ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. அத்தொகுப்பு அடுத்த ஆண்டில் புலிட்சர் பரிசையும் பெற்றது. வீணையும் வயலினும் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு இச்செய்தி எத்துணை ஊக்கம் தரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, தாளம் ஆக்கும் முறையைக் காண்போம். திரையிலே 16 சிறு பெட்டிகள் ஒரு வரிசையாக நிற்கும். ஒரு வரிசை தொப்பியின் ஒலிக்கு, ஒரு வரிசை வலந்தலையின் ஒலிக்கு, ஒரு வரிசை கைத்தாளத்துக்கு எனப் பல வரிசைகளை அமைக்கலாம். எந்தப் பெட்டியைத் தொடுகின்றோமோ அந்த இடத்தில் அடி விழும். நிமிடத்துக்கு 120 அடி என வேகத்தை அமைத்தால், அடி ஒன்றுக்கு அரை விநாடி. அடிக்கு நான்கு பெட்டிகள். ஆகவே 16 பெட்டிகளும் இரண்டு விநாடியில் ஓடி முடிந்து மீண்டும் தொடங்கும்.

நம் இசைமரபு அறிந்தோர் இதனைக் கண்டவுடன், "இது சதுச்ர நடையன்றோ!" என்பர். ஆம், இவ்வரிசை இருமுறை ஓடினால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் நிறைவுறும். ஆயின் நம் தாளங்கள் நான்கோடு அமைவனவல்ல. மூன்றும் நான்கும் கூடி ஏழாவது மிச்ர சாபு. இரண்டும் மூன்றும் கூடி ஐந்தாவது கண்ட சாபு. பெட்டிகளின் தொகையைக் குறைக்க இடந்தரும் செயலியில், 16ஐ 14 ஆக்கினால் மிச்ர சாபு கிடைக்கும். 10 ஆக்கினால் கண்ட சாபு கிடைக்கும். அடிக்கு மூன்று பெட்டியாக 12 வைத்தால் திச்ர நடை பிறக்கும். கருவி தானாகத் தருவது 16. 14ஐக் கேட்டுப் பெறவேண்டியவர் நாம். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு உலகத்துத் தாளம் யாவும் நான்காகவே தோன்றும்.

சுரத்திலும் இத்தகைய நிலையே உண்டு. திரையில் தோன்றும் கட்டைகள் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பகுத்தவை. சட்சம் 240 அதிர்வு எனக் கொண்டால், இயற்கையோடு இயைந்த அந்தர காந்தாரம் 300 அதிர்வில் நிற்கும். கைபேசியின் காந்தாரமோ 302ஐச் சற்றே தாண்டி நிற்கும். தம்பூரா ஒலியோடு பழகிய செவி இவ்வேறுபாட்டை உணரும். கமகமோ கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் உலவுவது. விரலை வழுக்கிச் சுரத்தை வளைக்கும் வசதி உள்ள செயலியிலும், எங்கே வளைப்பது, எவ்வளவு வளைப்பது என்பதைச் செவியே சொல்லுதல் வேண்டும். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் யாழ் நூலில், பண்டைத் தமிழரின் யாழ்களையும் சுருதிகளையும் கணிதமுறையால் ஆராய்ந்தமை நேயர்கள் அறிந்ததே. எண்ணும் இசையும் பகையல்ல என்பதற்கு அந்நூலே சான்று. அடிகளார் பிறந்த நாட்டுப் பிள்ளைகள், எண்ணால் இயங்கும் கருவி கைக்கு வந்தபோது அதன் எண்களுக்கு அடிமையாதல் தகுமா?

என் பாடசாலையிற் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தியைப் பற்றி ஈண்டுச் சொல்லுதல் பொருந்தும். அவளுடைய பாட்டனார் கோயிலில் உடுக்கடிப்பவர். முதுமையால் விரல்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. அவர் பிள்ளைகளுள் எவரும் அக்கலையைக் கற்றிலர். பேத்தி அவருடைய அடிகளை ஒவ்வொன்றாகக் கைபேசியிற் பதிந்து, 14 பெட்டிகளில் நிரப்பி, அவருக்கே போட்டுக் காட்டினாள். முதியவர் இருமுறை கேட்டார். "பிள்ளை, அடியெல்லாம் சரி, ஆனால் எல்லா அடியும் ஒரே கனமாய்க் கிடக்குது. மனிசன் இப்பிடி அடிக்கமாட்டான்" என்றார்.

அவர் கூறியது பெரியதோர் இசையுண்மை. மிடி முறையில் ஒவ்வோர் அடியின் வன்மையையும் 1 முதல் 127 வரை குறிக்கலாம். பேத்தி முதலடியை வலிதாக்கினாள், நான்காவதைச் சற்றுத் தணித்தாள், இடையடிகளை மெல்லியனவாக்கினாள், ஓரடியை மயிரிழை பிந்தி விழச் செய்தாள். ஒரு மாதத்துக்குப் பின்னரே பாட்டனார் தலையசைத்தார். அந்த ஒரு மாதத்தில் அவள் செயலியைக் கற்றதிலும் பாட்டனாரின் கையைக் கற்றதே மிகுதி. இப்பொழுது கைபேசியை வைத்துவிட்டு உடுக்கையே கையில் எடுத்துப் பழகுகின்றாள்.

இதற்கு மாறான வழியும் உண்டு. செயலிகளில் ஆயத்தமாக ஆக்கிவைத்த தாளத்துண்டுகள் ஏராளம். அவற்றுள் நான்கை எடுத்து அடுக்கினால் ஐந்து நிமிடத்திற் பாடல் ஆயத்தம். தொடக்கத்தில் அவற்றைத் தொட்டு விளையாடுவதிற் குற்றமில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடும் பிள்ளை, கடைச்சோற்றைத் தட்டில் இட்டுத் தானே சமைத்ததாகச் சொல்பவனை ஒப்பான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இலண்டன் பிள்ளையும் அதே துண்டை எடுப்பராயின் இருவர் பாடலும் ஒன்றே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உலக்கை விழும் ஓசை, கடலலை, தவிலின் ஒரு தட்டு, கூத்துக்களரியின் மத்தளம் ஆகிய நம் ஒலிகளை நாமே பதிந்து சட்டியை நிரப்புதல் வேண்டும். பிறர் வாசிப்பைப் பதியுமுன் அவர் இசைவைக் கேட்பதும், ஆக்கியபின் அவர் பெயரைச் சொல்வதும் கடமை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் சில சொற்கள். இத்தகைய செயலிகள் பலவும் இணையத் தொடர்பின்றியே இயங்கும்; ஆதலின் பயிற்சி நேரத்தில் அத்தொடர்பை நிறுத்திவிடலாம். கம்பியில்லாச் செவிக்கருவியில் விரல் தொட்டபின் ஒலி பிந்தி வருவதால் லயம் குழம்பும். கம்பியுள்ளதே தாளப் பயிற்சிக்கு நன்று. எல்லாவற்றினும் முதன்மையாக, திரையைத் தொடுமுன் பிள்ளை தன் தொடையில் தாளம் போட்டுப் பாடட்டும். கையில் நில்லாத தாளம் கைபேசியில் நின்றாலும் அது பிள்ளையின் தாளமாகாது.

மாலையில் உங்கள் பிள்ளை கைபேசியைக் கையில் எடுக்கும்பொழுது, "என்ன பார்க்கிறாய்?" என்று வினவுவதோடு அமையாது, "நீ ஆக்கியது ஏதேனும் உண்டா? போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். கேட்டபின், அப்பிள்ளையின் பாட்டனார் செய்ததுபோல, உள்ளதை உள்ளவாறே சொல்லுங்கள்.