நின்னு போற வண்டியும் நிக்காத வண்டியும்

போன எபிசோட்ல பழைய வண்டியில லாங் ரைடு பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன், இன்பாக்ஸ் நிறைஞ்சு போச்சு. அதனால இந்த எபிசோட் முழுக்க பழைய புல்லட்தான். பழசுன்னு நான் சொல்றது காஸ்ட் அயர்ன் இன்ஜின் வச்ச 350. சிலிண்டர் வார்ப்பிரும்பு, 346 சிசி, பாயின்ட்ல வர்ற ஸ்பார்க், வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து சென்னையில தொடங்கின கதை. திருவொற்றியூர்ல அந்த அடிப்படை டிசைன் பெருசா மாறாமலே பல பத்து வருஷம் ஓடுச்சு. 2010 வாக்குல யூசிஇ இன்ஜின் வந்து இதோட இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. அப்போ கணக்குப் போட்டுக்கங்க, உங்க வீட்டு ஷெட்ல நிக்கிற வண்டி எவ்வளவு புதுசா இருந்தாலும் 15 வயசை ஒட்டித்தான் இருக்கும். ஆர்சி புக்கை எடுத்துத் தேதி பாருங்க முதல்ல. 15 வருஷம் முடிஞ்சா ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த வேலை.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நண்பர் அனுப்பின வாய்ஸ் நோட்டை வச்சே விஷயத்துக்குள்ள போறேன். அப்பாவோட வண்டி. ஊருக்குள்ள அருமையா ஓடுது. வால்பாறை ரோட்ல ஏற ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல இழுவை குறையுது, மிஸ்ஸிங் அடிக்குது, அப்படியே ஆஃப் ஆயிடுது. அரை மணி நேரம் ஓரமா நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. பக்கத்து மெக்கானிக் கேட்டவுடனே சொன்னது, "இன்ஜின் போச்சு தம்பி, இறக்கி போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும்". நண்பர் கேட்கிறார், பண்ணிடலாமா?

பொறுங்க. நம்ம ஆபீஸ்ல ஒரு சர்வர் மதியம் 3 மணிக்கு மட்டும் விழுதுன்னா, உடனே மொத்த கோடையும் திருப்பி எழுதுவோமா? எப்போ விழுது, எது மாறும்போது விழுதுன்னு லாக் பாப்போம். இங்க லாக் ரொம்பத் தெளிவா இருக்கு: சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. பிஸ்டனும் ரிங்கும் தேஞ்ச வண்டி இப்படி நடந்துக்கிறது அபூர்வம். அது காலையிலேயே கிக்கர்ல அழுத்தம் இல்லாம தொளதொளன்னு இறங்கும், சைலன்சர்ல நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். இந்த மூணும் இவர் வண்டியில இல்ல. அப்படின்னா இன்ஜினை இறக்குறது கடைசி வேலை.

முதல்ல காசே இல்லாத டெஸ்ட். வண்டி நின்ன உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, அடுத்த கிக்ல ஸ்டார்ட் ஆச்சுன்னா, மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. பெட்ரோல் கீழ இறங்க இறங்க டேங்க் உள்ள காத்து வரணும், வரலைன்னா கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டு சொட்டாத்தான் போகும். ஊசியால குத்திச் சுத்தம் பண்ணினா தீர்ந்தது.

அது இல்லைன்னா அடுத்தது ஸ்பார்க். இங்கதான் இந்தப் பழைய வண்டி ஒரு சூப்பர் வசதி வச்சிருக்கு, பாதிப் பேர் அதை அலங்காரம்னு நினைச்சிட்டு இருக்காங்க. ஹெட்லைட் டூம் மேல இருக்கிற ஆம்பியர் மீட்டர். லைட் எதையும் போடாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. கிக்கரை மெதுவா, ரொம்ப மெதுவா கையாலயே அழுத்துங்க. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரன்ட் போகும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறக்கும்போது நடுவுக்கு வந்துடும். பெரியவங்க டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சு, முள்ளைப் பாத்து, ஒத்தைக் கிக்ல ஸ்டார்ட் பண்ணுவாங்களே, அந்த வித்தையே இதுதான்.

அதே முள் நோயையும் சொல்லும். கிக்கரை எவ்வளவு சுத்தினாலும் முள் நடுவுலயே தூங்குதுன்னா, கரன்ட் பாயின்ட் வழியா போகவே இல்ல: ஒயர் விட்டிருக்கு, இல்ல பாயின்ட் முகத்துல அழுக்கோ ஆயிலோ. முள் மைனஸ்லயே ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா பாயின்ட் திறக்கல, இல்ல கண்டன்சர் ஷார்ட். முள் ஒழுங்கா போய்ப் போய் வருது, ஆனா வண்டி சூட்டுல மட்டும் நிக்குதுன்னா, அந்த வட்ட மூடியைக் கழட்டி, சாயங்கால வெளிச்சத்துல பாயின்ட்டைப் பாத்துக்கிட்டே ஒருத்தரைக் கிக் பண்ணச் சொல்லுங்க. சின்னதா ஒரு பொறி சாதாரணம். பட்பட்டுன்னு நீலமா பெருசாப் பறந்தா கண்டன்சர் போயிட்டு இருக்கு. கண்டன்சருக்கு இந்தக் குணம் உண்டு, குளிர்ல நல்ல பிள்ளையா இருக்கும், சூடானா கை விரிச்சிடும்.

நண்பர் திரும்ப மெசேஜ் பண்ணினார். மூடித் துளை கிளியர், முள் ஆடுது, பாயின்ட்ல தீபாவளி. கண்டன்சரும் பாயின்ட் செட்டும் மாத்தினதுல சில நூறு ரூபாய்லயே வேலை முடிஞ்சுது. மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். பாயின்ட் வண்டியில கை வச்சுப் பழகினவங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. ஸ்கேனர் மாட்டினா எர்ரர் கோடு சொல்ற வண்டியில வளந்தவருக்கு இது வேற மொழி. அந்த மொழி வண்டிக்காரருக்குக் கொஞ்சமாவது தெரியணும், அவ்வளவுதான்.

பாயின்ட் இடைவெளி 0.35-ல இருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் ஒண்ணு வாங்கிக்கங்க, விலை அதிகம் இல்ல. இதை ஏன் திரும்பத் திரும்பப் பாக்கணும்? பாயின்ட்டைத் தூக்கிவிடற அந்த ஃபைபர் குதிகால் ஓட ஓடத் தேயும். தேஞ்சா இடைவெளி சுருங்கும். சுருங்கினா பாயின்ட் லேட்டா திறக்கும், ஸ்பார்க் லேட்டா விழும். லேட்டான ஸ்பார்க்ல இன்ஜின் வழக்கத்தை விடச் சூடாகும், மலை ஏறத் திணறும். வண்டிக்கு வயசாச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். அரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு இடைவெளி பாக்கிற வேலை அது! கேம் மேல துளி கிரீஸ் தடவினா தேய்மானம் குறையும். துளின்னா துளிதான், அதிகமானா பாயின்ட் முகத்துல தெறிச்சு வேற வம்பு.

டாப்பெட் பத்தி நிறைய கேள்வி. காலையில, இன்ஜின் முழுசா ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்க. பிஸ்டன் கம்ப்ரஷன்ல உச்சியில இருக்கணும், அப்போ ரெண்டு வால்வும் மூடியிருக்கும். வலது பக்கம் சின்ன மூடியைக் கழட்டினா ரெண்டு புஷ் ராடும் தெரியும். விரலால சுத்தினா தாராளமா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் செட்டிங், கேஜ் கூட வேண்டாம். ஓடிச் சூடானதும் லேசா டிக் டிக்னு கேட்கும். கேட்கட்டும். சத்தமே வராம டைட் பண்ணித் தாங்கன்னு கேட்கிறவங்க வால்வை எரிக்கக் காசு கொடுக்கிறாங்க. டைட்டான டாப்பெட்ல வால்வு முழுசா உக்காராது, எரியுற கேஸ் அந்தச் சந்து வழியா சீறிச் சீறி வால்வு ஓரத்தையே தின்னுடும்.

ஆயில்ல ஒரே ஒரு விஷயம், ஏன்னா மீதியை எல்லாரும் பேசிட்டாங்க. ரெண்டு வாரம் நின்ன புல்லட்ல டிப்ஸ்டிக்கைப் பாத்தா ஆயில் குறைஞ்ச மாதிரி இருக்கும். எங்கயும் போகல. ஆயில் அறையில இருந்து பம்ப் வழியாக் கசிஞ்சு கிராங்க் பக்கம் இறங்கியிருக்கு. அதைப் பாத்துட்டு மேல ஊத்தினா அளவு கூடிப் போய் பிரீதர் குழாய் வழியாக் கக்கும், நாம ஆயில் லீக்னு அலறுவோம். சில நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, அப்புறம் பாருங்க.

சரி, இப்போ நான் உண்மையிலேயே பேச வந்த இடம். டூர் கிளம்புறதுக்கு முன்னாடி வண்டிக்குச் செலவு பண்றோம்னு சொல்றவங்க பில்லை அனுப்பினாங்க, வரிசையாப் பாத்தேன். இன்ஜின் ஆயில், புது சைலன்சர், க்ராஷ் கார்டு, பை மாட்ட கேரியர், எல்இடி லைட். பிரேக் ஷூன்னு ஒரே ஒரு பில்லுல கூட இல்ல. இன்ஜின் மக்கர் பண்ணினா வண்டி நின்னு போகும், பஸ் பிடிச்சு வீடு வந்துடலாம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. அதுல இறங்கும்போது நிக்காத வண்டிக்கு என்ன பண்ணுவீங்க? அதனால என் வரிசை எப்பவும் பிரேக், டயர், போக் கம்பி, ஒயர், அதுக்கப்புறம்தான் இன்ஜின்.

பெரும்பாலான காஸ்ட் அயர்ன் வண்டியில ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். பிரேக்கைப் பிடிச்ச நிலையில, டிரம்ல ஒயர் இழுக்கிற அந்தச் சின்னக் கையைப் பாருங்க. ஒயருக்கும் அதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட செங்கோணம் இருக்கணும். செங்கோணத்தை ரொம்பத் தாண்டிப் போச்சுன்னா லைனர் தேஞ்சிருக்கு. நட்டைத் திருகித் திருகி டைட் பண்ணி ஏமாத்த முடியாது, எவ்வளவு அமுக்கினாலும் பலம் ஷூவுக்குப் போய்ச் சேராது. கழட்டிப் பாத்தா லைனர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கலாம். கிரீஸோ ஆயிலோ குடிச்சிருந்தா பெட்ரோல்ல கழுவி மாட்டாதீங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு. இன்னொண்ணு, டிரம் உள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால துடைங்க.

இறக்கத்துல எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, இன்ஜினே பாதி பிரேக். தொடர்ந்து பிடிச்சுட்டே வந்தா டிரம் சூடாகி, லீவர் இருக்கும், பிரேக் இருக்காது. அந்த உணர்வு வந்தா ஓரமா நிறுத்தி டீ குடிங்க, தானா ஆறட்டும். சூட்டு டிரம் மேல தண்ணி ஊத்தறதைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், டிரம் கோணிக்கும். அப்புறம் பாதி வழியில நண்பனுக்கு வண்டியை மாத்திக் கொடுக்கிற பழக்கம். அவன் புது வண்டி ஓட்டுறவன்னா அவசரத்துல வலது காலை அமுக்குவான், அங்க பிரேக் இல்ல, கியர். காலி கிரவுண்டுல ஒரு மணி நேரம் ஓட்டாம மலைப் பாதையில சாவியைக் கொடுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

டயர்ல பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க. ஷெட்ல நின்ன வண்டியில பட்டன் தேயாது, ரப்பர் காஞ்சுடும். பக்கச் சுவர்ல நாலு நம்பர் இருக்கும். 2314-ன்னா 2014-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அந்த மாதிரி தேதியோட, பக்கத்துல மயிரிழை வெடிப்பும் தெரிஞ்சா மாத்திடுங்க. மாத்தும்போது டியூப்பையும் சேர்த்து. போக் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால தட்டிட்டே சக்கரத்தைச் சுத்துங்க. இறுக்கமான கம்பி டிங்குங்கும், தளர்ந்தது தொப்புங்கும். செயின் லாக் இருக்கே, அந்த கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், வாய் பின்னாடி.

ஒத்தை சிலிண்டர் அதிர்வுல நட்டு தளர்றது இந்த வண்டியோட பிறவிக் குணம். முக்கியமான நட்டை எல்லாம் டைட் பண்ணினதும் நட்டுக்கும் அடிப் பாகத்துக்கும் சேர்த்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டுடுங்க. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கோடு விலகியிருக்கான்னு ஒரு பார்வை போதும். வீட்ல யாருது நெயில் பாலிஷ்னு மட்டும் கேட்டுட்டு எடுங்க.

பையில என்ன இருக்கணும்? பிளக், பாயின்ட் செட், கண்டன்சர், 3.25-19 டியூப், டயர் லீவர், ஆக்சிலேட்டர் ஒயர், இன்சுலேஷன் டேப், ரெண்டு முழம் ஒயர். கிளட்ச் ஒயரைப் பையில வைக்காதீங்க. பழைய ஒயர் போற வழியிலேயே புதுசையும் சேர்த்து ஓட்டி, முனையை டேப் சுத்தி விட்டுடுங்க. இருட்டுல அறுந்தா டேங்க்கைக் கழட்டாம, முனையை மட்டும் மாத்தி மாட்டிட்டுப் போயிடலாம். சென்னையில இருக்கிறவங்களுக்குப் புதுப்பேட்டையில இதெல்லாம் கிடைக்கும். பழைய மட்கார்டு, டூம், ஹேண்டில் எல்லாம் அங்க தாராளமா பேரம் பேசுங்க. பிரேக் ஷூ, ஒயர், டியூப் இந்த மூணுல மட்டும் பேர் தெரியாத பாக்கெட் வேண்டாம்.

கடைசியா பெட்ரோல். இப்போ பங்க்ல வர்றதுல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், இந்த வண்டி செஞ்ச காலத்து ரப்பரை அது சும்மா விடாது. பெட்ரோல் டியூபை விரலால மடக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்துங்க, கீழயே சூடான இன்ஜின் இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல நிறுத்தப் போறீங்கன்னா பெட்ரோல் காக்கை மூடிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. டேங்க்கைப் பாதியில விடாம நிரப்பி நிறுத்துங்க, உள்ள காத்து குறைஞ்சா துருவும் குறையும்.

சார்ஜிங், பேட்டரி, ஹெட்லைட் டூம் உள்ள இருக்கிற அந்த ஒயர் காட்டைப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுக்குத் தனி எபிசோட் வேணும், அடுத்த வாரம். அதுக்குள்ள உங்க முன் டயர்ல இருக்கிற அந்த நாலு நம்பரைப் பாத்து கமென்ட்ல போடுங்க. யார் வண்டியில ரொம்பப் பழசு ஓடுதுன்னு பாப்போம்.