மேடைச் சொல்லும் உலக ஒத்துழைப்பும்



உலக மேடையில் ஏறும் தலைவர்களுள் அமைதி வேண்டாம் என்று உரைப்பவர் அரியர். ஒத்துழைப்பு என்னும் சொல்லும் ஏறக்குறைய எல்லோர் நாவிலும் வருகிறது. சொல் ஒன்றே, பொருள்தான் வேறு. அவ்வேறுபாட்டை அறிய ஓர் உரைகல் உண்டு. பிறர் துயருறும்போது தம் நாடு எதைத் தாங்க முன்வரும் என்று அத்தலைவர் கூறுகிறாரா என்பதே அது. வரலாற்றிலிருந்து சில உரைகளை எடுத்து இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் 1918 ஜனவரி 8 அன்று பதினான்கு அம்சங்களை அறிவித்தார். பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் அதன் விடுதலைக்கும் எல்லைக்கும் எல்லா நாடுகளும் கூடி உறுதியளிக்க வேண்டும் என்பது இறுதி அம்சம். சர்வதேச சங்கம் தோன்ற அதுவே வித்தாயிற்று.

அவர் நாட்டிலேயே எதிர்க்குரல் எழுந்தது. செனட் சபையின் ஹென்றி கேபட் லாட்ஜ் 1919 ஆகஸ்டில் நீண்டதோர் உரை நிகழ்த்தினார். அயல்நாட்டுச் சச்சரவுகளில் எல்லாம் சிக்கிக்கொண்டால், உலகுக்கு நன்மை செய்யும் ஆற்றலையே அமெரிக்கா இழந்துவிடும் என்பது அவர் வாதம். நம் பிள்ளைகளைப் போர்க்களம் அனுப்பும் முடிவைப் பிறரிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருந்தது. அக்கேள்வியை எளிதில் புறந்தள்ள இயலாது. எனினும் இருவரும் தத்தம் நிலையிலிருந்து இறங்கி வரவில்லை. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஒப்பந்தம் செனட் சபையில் தோற்றது. வில்சன் கனவு கண்ட சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை.

அதன் விளைவை வேறொரு மேடை காட்டிற்று. 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. நச்சு வாயுவையும் பயன்படுத்தியது. சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆயினும் போர் வண்டிகளை ஓட்டும் எண்ணெய் அத்தடையில் இடம்பெறவில்லை. நாட்டை இழந்த பேரரசர் ஹைலி செலாசி 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் பேச எழுந்தார். இத்தாலியச் செய்தியாளர் சிலர் சீழ்க்கையடித்து இகழ்ந்தனர். அவர் கலங்காது தம் தாய்மொழியாம் அம்ஹாரிக்கில் பேசினார். இது எத்தியோப்பியாவின் வழக்கு மட்டுமன்று, சங்கம் வாழுமா என்னும் வழக்கு என்றார். என் மக்களிடம் நான் என்ன விடை கொண்டு செல்வேன் என்று கேட்டு முடித்தார். அடுத்த மாதமே தடைகள் விலக்கப்பட்டன. உறுதிமொழி ஏட்டில் இருந்தது. அதன் விலையைத் தர எவரும் முன்வரவில்லை.

அதே பேரரசர் 1963 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பேசினார். பழைய துரோகத்தை நினைவூட்டினார். ஆயினும் பழி தேடவில்லை. கூட்டுப் பாதுகாப்பு என்னும் கொள்கையை அவர் கைவிடவும் இல்லை. அவ்வாண்டு மே மாதத்தில்தான் அவர் தலைநகரில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவாகியிருந்தது. ஏமாற்றப்பட்டவரே ஒத்துழைப்பின் மீது நம்பிக்கை வைத்தது எண்ணத்தக்கது. வலியவர்க்கு ஒத்துழைப்பு ஒரு விருப்பம். எளியவர்க்கு அது வாழ்வு.

அண்மைக் காலத்திலும் இவ்விரு குரல்கள் ஒலிக்கின்றன. 2018 செப்டம்பர் 25 அன்று, அதே பொதுச்சபையில், அதிபர் டொனால்டு டிரம்ப் உலகமயக் கொள்கையை மறுத்து, நாட்டுப்பற்றே தம் வழி என்றார். அதே நாளில் பிரெஞ்சு அதிபர் இமானுவேல் மக்ரோன், வலியவர் சட்டமே சட்டம் என்றால் எவர்க்கும் பாதுகாப்பில்லை என வாதிட்டார். நூறாண்டு கழிந்தும் வழக்கு முடியவில்லை.

இளைஞர்களே! ஒரு தலைவரின் உரையைக் கேட்கும்போது, அவர் கூறும் ‘நாம்’ என்ற சொல்லுக்குள் எவரெவர் அடங்குகின்றனர் என்று பாருங்கள். உதவுவோம் என்றால், எதைக் கொடுத்து உதவுவார் என்று கேளுங்கள். இயலாது என்றால், அவர் கூறும் காரணத்தையும் பொறுமையுடன் எடைபோடுங்கள். இனிய சொல்லால் நிறைந்த உரையைவிட, தன் நாடு ஏற்கும் சுமையை வெளிப்படையாகக் கூறும் உரையே நம்பத்தக்கது. துணையை நம்பி நிற்கும் சிறு நாட்டின் உயிர் அதில்தான் அடங்கியிருக்கிறது.